பகலில் பறந்த வௌவால்

"ஆளைக் காணோம்னு சொல்றீங்க. போட்டோ இருக்கா?"

"இல்லைங்க."

"பேரு?"

"தெரியாதுங்க."

"ஆணா, பெண்ணா?"

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் தெரியாதுங்க."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ரேடியோ பேனாவை மூடினான். "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. பேர் இல்ல, முகம் இல்ல. காணாமப் போறதுக்கு அந்த ஆள்கிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

"கொஞ்சம் சும்மா இரு தம்பி."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, கீழேயிருந்து ஏறிவரும் இயந்திரச் சூடு. மேஜைக்குப் பின்னால் இருந்தவரை அந்தக் கட்டடமே அண்ணி என்றுதான் அழைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊரார் பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். முதன்முதலில் அவரை அண்ணி என்று கூப்பிட்ட உரிமைக்காரன் ரேடியோதான், கணவரின் தம்பி. லிஃப்ட் விற்கப் போய், வாங்க வந்தவர்களையெல்லாம் பேசிப் பேசியே படிக்கட்டுக்கு விரட்டியவன். வாயால் போன வேலைக்கு வாயாலேயே கிடைத்த மாற்று, இந்தத் துப்பறியும் உதவியாளன் பதவி.

"முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் அண்ணி.

"வௌவால்னு ஒரு புனைபெயர். கம்ப்யூட்டர்ல அந்தப் பேர்லதான் வருவார். கூரைக்கு வேலை செய்வார்."

"கொத்தனாரா?" என்றான் ரேடியோ.

"கூரைங்கிறது சாஃப்ட்வேர்ங்க. வெப்சைட் கட்டுறதுக்கு. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ள திறந்து பாக்கலாம், திருத்தலாம். முதலாளின்னு ஒருத்தர் கிடையாது. ஊர் கூடி இழுக்கிற தேர்."

"ஊர் கூடி இழுத்தா சரி. ஊர் கூடிப் பேசினா தேர் அங்கயேதான் நிக்கும்."

"அதுதாங்க இப்ப நடக்குது!" மருந்துக்கடைக்காரர் கண்கலங்காத குறை. "ஒரு மாசத்துக்கு முன்னாடி கூரையில பெரிய ஓட்டை ஒண்ணு தெரிஞ்சுது. வெளியாள் உள்ள புகுந்து, வெப்சைட்டுல பதிஞ்சவங்க போன் நம்பர், விலாசம் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போகலாம். ரத்த தானம் செய்றவங்க சங்கம், காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடம், நாய்க்குட்டிக் காப்பகம்… எல்லாம் கூரைக்குக் கீழதான் இருக்கு. இந்த மாதிரி ஓட்டையெல்லாம் வௌவால்தான் அடைப்பார். ரெண்டு வருஷமா சத்தமில்லாம அடைச்சவர், ஒரு மாசமா எட்டிப் பாக்கல."

"மத்தவங்க?"

"எப்படி அடைக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

"இன்னிக்கே கண்டுபிடிக்கணும்னு போன்ல சொன்னீங்களே, எதுக்கு?"

"சாயங்காலம் நூலகக் கூடத்துல ஓட்டெடுப்புங்க. கூரையோட சாவியை மாளிகைன்னு ஒரு கம்பெனிகிட்டக் குடுத்துடலாமான்னு. சாவின்னா, எதைச் சேக்கலாம், எதைச் சேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ற உரிமை. அது போச்சுன்னா ஊர்க் கூரை ஒரே ஆளோட வீட்டுக் கூரை ஆயிடும். 'உங்களால ஒரு ஓட்டையை அடைக்க முடியல, எங்கிட்டக் குடுங்க'ன்னு கேக்குறார். நம்ம ஆளுங்களும் தலையாட்டுறாங்க. வௌவாலை விலைக்கு வாங்கி ஒளிச்சு வச்சதே அந்த ஆள்தான்னு எனக்குச் சந்தேகம்."

"யார் அந்த ஆள்?"

மருந்துக்கடைக்காரர் இருமினார். "என் மச்சான்."

"ஓ!" ரேடியோ பேனாவை மறுபடி திறந்தான். "இப்பத்தான் கேஸ் சூடு பிடிக்குது."

"என் மனைவியோட அண்ணன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கூரையை ஆரம்பிச்சோம். சும்மா குடுத்தா யாரும் மதிக்க மாட்டாங்கன்னார் அவர். பூட்டி வச்சா யாரும் வளர்க்க மாட்டாங்கன்னேன் நான். பிரிஞ்சிட்டோம். கூரையையே எடுத்து, மேல பளபளன்னு வேலைப்பாடு பண்ணி, மாளிகைன்னு பேர் வச்சு விக்கிறார்."

"அது திருட்டு இல்லையா?"

"இல்லைங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு எழுதி வச்சதே நாங்க ரெண்டு பேரும்தானே."

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "உங்க வௌவால் பண்ணின வேலையெல்லாம் எங்க பாக்கலாம்?"

"என் கடையிலயே பாக்கலாம். எல்லாம் திறந்த வெளிதான். எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது."

"அந்த வௌவாலைத் தவிர," என்றான் ரேடியோ.

*

மருந்துக்கடையின் கல்லாவுக்குப் பின்னால், இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் சீட்டுப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். மறு கையால் கூரையைத் திறந்து காட்டினார்.

"இதுதான் பொதுப்பலகை. யாருக்கு என்ன கோளாறு தெரிஞ்சாலும் இதுல எழுதணும். எழுதினதைப் பாத்துத்தான் யாராவது சரி பண்ணி அனுப்புவாங்க. பலகையில எழுதாததை யாரும் தொடக் கூடாது. கூரையோட முதல் சட்டம் அது. அம்மா, இது சாப்பாட்டுக்கு அப்புறம். அப்புறம்!"

வாங்க வந்த மூதாட்டி தலையாட்டிவிட்டுப் போனார்.

"மத்தவங்கல்லாம் எப்ப வேலை செய்றாங்க?" என்று கேட்டார் அண்ணி.

"ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் பஸ் கண்டக்டர். பொழப்பு முடிஞ்சு ராத்திரிதான் வருவாங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை."

"தம்பி, வௌவால் எப்பெப்ப வந்திருக்குன்னு படி."

ரேடியோ திரையை மேலும் கீழும் நகர்த்தினான். "திங்கள் காலை. புதன் மத்தியானம். வியாழன் காலை. மறுபடி திங்கள். ஞாயிறு ஒண்ணுகூட இல்ல அண்ணி. பொது விடுமுறை அன்னிக்கும் இல்ல. ராத்திரியில நடமாட்டமே இல்ல. நல்ல குடும்பத்து வௌவால்."

"பேரு வௌவால். பறக்கிறது பகல்ல."

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதை நிறுத்தினார். "அப்படின்னா?"

"ஆசைக்கு வேலை செய்றவங்க ராத்திரி செய்வாங்க. திங்கட்கிழமை காலையில யாரும் ஆசைக்கு வேலை செய்ய மாட்டாங்க. உங்க வௌவால் எங்கயோ சம்பளத்துக்கு உக்காந்திருக்கு. அந்த நாற்காலியிலேருந்துதான் உங்களுக்கு வேலை பாத்திருக்கு."

"எவனோ ஒரு முதலாளியை ஏமாத்திக்கிட்டு," என்றான் ரேடியோ ரசனையோடு.

"ஏமாத்தினானா, உதவினானான்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும். மேல் வீட்டுல குடியிருக்கிறவன் கீழ்ச் சுவர் விரிசல் விட்டா ஏன் பூசுவான்? தான் விழாம இருக்க. ஏங்க, கூரையில கோளாறுன்னா அதே கோளாறு மாளிகையிலயும் வருமா?"

"வராமப் போகுமா? அடியில கிடக்கிறது கூரைதானே. எங்க கூரையில சரி பண்ணினா அவங்க இறக்கிக்குவாங்க. இதை நான் வாய் வலிக்கச் சொல்றேன், யாரு கேக்குறா? வீட்டுல சொன்னா…"

"வீட்டுல?"

"என் மனைவியும் மாளிகையிலதாங்க வேலை. புகார்ப் பிரிவுக்குத் தலைவி. போன்ல திட்டு வாங்குற வேலை. சாஃப்ட்வேர் ஒரு வரி எழுதத் தெரியாது. அண்ணன் பக்கமா, புருஷன் பக்கமான்னு வரக் கூடாதுன்னு வீட்டுல இந்தப் பேச்சையே எடுக்க மாட்டா. நான் மட்டும்தான் பேசுவேன். அவ கேட்டுக்கிட்டே சாப்பிடுவா."

"குடுத்து வச்சவர்," என்றான் ரேடியோ.

"ஆனா வௌவால் இருக்காரே, அவர்தாங்க என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஆள். வாய் திறந்து கேக்கவே வேண்டாம். போன வருஷம் என் கடை வெப்சைட்டுல எழுத்தெல்லாம் பொடிப் பொடியா ஆயிடுச்சு. வயசானவங்க படிக்கவே முடியல. சாப்பிடறப்போ திட்டித் தீர்த்தேன். பலகையில எழுதணும்னு நினைச்சேன், மறந்தே போயிட்டேன். மறுநாள் மத்தியானம் பாத்தா சரியா இருக்கு! நினைச்சாலே சரி பண்ற ஆள்ங்க அவர்."

அண்ணி அவரை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு, ஒன்றை ரேடியோவின் வாயில் போட்டார். "மாளிகைக்குப் போற வரைக்கும் சப்பிக்கிட்டே வா."

*

மாளிகையின் வரவேற்பறையில் ஆள் உயரக் கண்ணாடியும், கண்ணாடிக்குப் பின்னால் செடியும், செடிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் இருந்தன. சிவப்பு ரிப்பன் கட்டிய புத்தம் புது சுழல் நாற்காலி. மேலே சுவரில் பெரிய எழுத்து: 'வௌவாலே, நீ யாராயினும் வா! தலைமைப் பொறியாளர் பதவி உனக்காகக் காத்திருக்கிறது.'

"அண்ணி," என்றான் ரேடியோ மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கி, "கடத்தினவன் எவனும் கடத்தின ஆளுக்கு வரவேற்பு வைக்க மாட்டான்."

மாளிகை முதலாளி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை அனுப்பினாரா? நான் வௌவாலை ஒளிச்சு வச்சிருக்கேன்னு சொல்லியிருப்பாரே? மேடம், ஒரு மாசமா நான் நாற்காலி போட்டுட்டுத் தவம் கிடக்குறேன்!"

"நோட்டீஸ் ஒட்டினதும் ஒரு மாசத்துக்கு முன்னாடிதானா?"

"அதே சமயம்தான். நோட்டீஸ் ஒட்டினேன், ஆள் மறைஞ்சுட்டான். என் ராசி."

"அவன் உங்களுக்கு எதுக்கு?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லாதீங்க. என் மாளிகையும் ஒழுகுதுங்க. எங்க வழக்கம் என்னன்னா, வாடிக்கையாளர் புகார் சொல்வாங்க. ரெண்டு மூணு நாள்ல வௌவால் கூரையில சரி பண்ணிடுவான். நாங்க இறக்கிக்குவோம். ரெண்டு வருஷமா எல்லாம் தேன் மாதிரி ஓடுச்சு."

"உங்க புகார் வௌவாலுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நல்ல கேள்வி!" என்று பாராட்டிய முதலாளி பதிலைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அபாரமான மூளை மேடம் அவனுக்கு. கூரை என் கைக்கு வந்தா வௌவாலும் கூடவே வந்துதானே ஆகணும்?"

"உங்ககிட்ட இத்தனை பொறியாளர் இருக்காங்களே, அவங்க அடைக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது. கூரையில ஓட்டைன்னா கூரைக்காரங்க அடைக்கட்டும். நாம மாளிகை கட்டுற ஆளுங்க. என் சம்பளத்துல உக்காந்து கூரை வேலை பாத்தா அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். இது என் விதி."

"வௌவால் வந்தா?"

"அவனுக்கு மட்டும் விதி கிடையாது."

"அவனுக்கு மட்டும்," என்று திருப்பிச் சொல்லிவிட்டு அண்ணி கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார்.

மதிய இடைவேளை. பொறியாளர்கள் இருவரும் மூவருமாக வெளியே போனார்கள். விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் நாற்காலியைச் சுழற்றிவிட்டுப் போனார். கணக்குப் பிரிவுப் பெண் உட்கார்ந்தே பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தாள். கடைசியாகச் சேர்ந்து வந்த நாலு பொறியாளர்கள் மட்டும், அங்கே ஒரு குழி இருப்பதுபோலச் சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்கள். ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பாத்தியா தம்பி?"

"பாத்தேன். ஆசை இருந்தா தொட்டுப் பாப்பாங்க. ஆசை இல்லேன்னா விளையாடுவாங்க. இவங்க பயப்படறாங்க." மிட்டாய் தீர்ந்துவிட்டிருந்தது. "அப்போ நாலுல ஒண்ணுதான் வௌவால். எது?"

"அது தெரியணும்னா புகார்ப் பிரிவு எங்க இருக்குன்னு கேளு."

*

புகார்ப் பிரிவு, படிக்கட்டுக்கு அடியில், குளிர்சாதனம் எட்டாத இடத்தில் இருந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் அத்தனை பணிவு. கை மட்டும் காகிதத்தில் ஒரு குரங்கை வரைந்துகொண்டிருந்தது.

போனை வைத்ததும் நிமிர்ந்தார். "வாங்கக்கா. உங்களைப் பாக்கப் போறேன்னு காலையிலேயே சொன்னார். வீட்டுல எல்லாத்தையும் சொல்லிடுவார்."

"அதைப் பத்தித்தான் கேக்க வந்தேன். கடை வெப்சைட்டுல எழுத்து பொடியாச்சாமே, அதை அவர் பலகையில எழுதவே இல்ல. எழுதாததைக் கூரையில யாரும் தொடக் கூடாதாம். வௌவாலுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அந்த அம்மாளின் பென்சில் குரங்கின் வாலில் நின்றது.

"சாப்பிடறப்போ சொன்னாராம். அப்போ சாப்பாட்டு மேஜையில யாரெல்லாம் இருந்தாங்க?"

"நானும் ஒரு தண்ணி ஜாடியும்."

"ஜாடிக்கு டைப் அடிக்கத் தெரியாது," என்றான் ரேடியோ.

"எனக்கும் சாஃப்ட்வேர் எழுதத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்மா," என்றார் அண்ணி. "அதனாலதான் கேக்குறேன். வாய் உங்களுது. கை யாரோடது? ரிப்பன் கட்டின நாற்காலியைப் பாத்துப் பயந்து ஒதுங்கிப் போற அந்த நாலு பொறியாளருல யாரு?"

அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் மாட்டிக்கொண்ட பயம் இல்லை. யாரிடமாவது சொல்லித் தொலைக்கலாம் என்ற நிம்மதிதான் இருந்தது.

"நாலு பேருந்தான்."

ரேடியோ நாலு விரலையும் மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்தான்.

"நாள் பூரா இங்க திட்டு வாங்குறவ நான். எல்லாக் கோளாறும் அடியில கூரையிலதான் இருக்கு. அண்ணன்கிட்டச் சொன்னா, அது நம்ம வேலை இல்லைம்பார். இங்கயே மேலோட்டமா ஒட்டுப் போடலாம்னா, கூரையில புதுசு வரும்போதெல்லாம் அந்த ஒட்டு பிச்சுக்கும், மறுபடி முதல்லேருந்து போடணும். அந்த நாலு பிள்ளைங்களும் அழாத குறை. அப்பத்தான் சொன்னேன், அடியிலயே சரி பண்ணி அனுப்பிடுங்க, ஒருதரம் பண்ணினா போதும். பேர் மட்டும் வேண்டாம்னு. அவங்க வேலையைப் பண்ணுவாங்க. பலகையில கோளாறையும் பதிலையும் வௌவால் பேர்ல நான் எழுதுவேன்."

"அந்தப் பொடி எழுத்து?"

"அது என் அவசரம். பாவம், அவ்வளவு திட்டினார். பலகையில எழுதிட்டாரான்னு பாக்காமலே மறுநாள் பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டேன்."

"புருஷன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? 'என் கூரையில கம்பெனிக் கையா?'ன்னு அத்தனையையும் பிடுங்கி எறிவார். அண்ணன்கிட்டச் சொன்னா? 'என் சம்பளத்துல அவன் கூரையா?'ன்னு நாலு பேரையும் பிடுங்கி எறிவார். ரெண்டும் ஒரே மரத்துக் கட்டைக்கா. ஆளுக்கொரு பேர் வச்சுக்கிட்டுத் திரியுதுங்க."

"இந்த ஓட்டை?"

"அடைப்பு தயாரா இருக்கு. அனுப்பத்தான் பயம். வௌவால் எங்கேருந்து அனுப்புதுன்னு கண்டுபிடிக்க அண்ணன் ஆள் வச்சிருக்கார். வீட்டுலேருந்து அனுப்பினாலும் வாசல்ல மாலையோட வந்து நிப்பார். மாலை ஒரு கழுத்துக்குத்தான். ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்தா, மூணு பேர் எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும். அது வேண்டாம்னு நாலு பேரும் சத்தியம் பண்ணிட்டாங்க."

அண்ணி குரங்குப் படத்தை ஓரமாக ஒதுக்கி வைத்தார். "ஓட்டெடுப்புல கூரை உங்க அண்ணன் கைக்குப் போனா?"

"விதியும் கூடவே போகும். அப்புறம் இங்கயும் யாரும் அடைக்க முடியாது, அங்கயும் யாரும் அடைக்க முடியாது."

"அப்போ சாயங்காலம் நீங்க வாயைத் திறந்துதான் ஆகணும்மா. அந்த நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. சாயங்காலம் புகார் போன் எங்க வரும்?"

"என் கைபேசிக்கு."

"அதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

*

நூலகக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். மீதிப் பேர் வீடியோ அழைப்பில் வந்து, சுவரில் விழுந்த வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தார்கள். அதில் ஒருவர் தான் தெரிகிறோம் என்பதை மறந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு பக்கம் மருந்துக்கடைக்காரர், மறுபக்கம் மாளிகை முதலாளி. நடுவில் காலியாக ஒரு மேஜை.

"ஓட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்," என்று எழுந்தார் அண்ணி. "காணாமப் போனவங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"வந்திருக்காங்களா?" இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தன.

மருந்துக்கடைக்காரரின் மனைவி நடுவழியாக நடந்து வந்தார். பின்னால் நாலு பொறியாளர்கள், ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் மறைந்துகொண்டு.

"நீ எங்க இங்க?" என்றார் கணவர்.

"நான்தாங்க வௌவாலோட வாய். கை இவங்க."

கூடத்தில் எழுந்த சத்தத்தில் பல் தேய்த்தவர் பிரஷ்ஷை நிறுத்தினார்.

முதலாளிக்குத்தான் முதலில் குரல் வந்தது. "என் சம்பளத்துல உக்காந்து, என் எதிரிலேயே, அவன் கூரைக்கு…"

"என் கூரையில கம்பெனிக்காரங்களா?" மருந்துக்கடைக்காரர் குறுக்கிட்டார். "ரெண்டு வருஷமா? எல்லாத்தையும் எடுத்துடணும். இப்பவே எடுத்துடணும்."

"எடுங்க," என்றார் அண்ணி. "வௌவால் தொட்டதையெல்லாம் எடுத்துட்டா கூரையில என்ன மிஞ்சும் தம்பி?"

"மத்தியானமே பாத்துட்டேன் அண்ணி. பெயர்ப்பலகை மிஞ்சும். அதுவும் கொஞ்சம் கோணலா."

பின்வரிசையில் பஸ் கண்டக்டர் சிரித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "அந்தப் பொடி எழுத்து…"

"ஆமாங்க."

"நினைச்சாலே சரி பண்ற ஆள்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

முதலாளி மட்டும் இறங்கி வரவில்லை. "விதி விதிதான். நாலு பேரும் நாளைக்கு வர வேண்டாம். ஓட்டெடுப்பை நடத்துங்க. கூரை என் கைக்கு வந்ததும் வேற ஆள் வச்சு அடைச்சுக்கறேன்."

அந்த நாலு பேரின் முகமும் செத்துப்போயிற்று. அப்போது மனைவியின் கைபேசி அலறியது. அவர் திரையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வாடிக்கையாளர். டிரைவிங் ஸ்கூல் அம்மா. என் பதில்தான் வேலை செய்யலையே, இந்தத் தடவை நீங்களே பேசுங்க."

மறுப்பதற்குள் கைபேசி அவர் கையில் இருந்தது. பொத்தான் அமுங்கியிருந்தது. ஒலிபெருக்கியும்தான்.

"மறுபடி மன்னிப்பா கேக்கப் போறீங்க?" என்றது குரல், கூடம் முழுக்க. "எங்கிட்டக் கார் கத்துக்க வந்த பொண்ணுங்க நம்பரெல்லாம் எவன் எவனுக்கோ போயிருக்கு! ஒரு மாசமா ராத்திரி பகல்னு அவங்களுக்குப் போன் வருது. ஒருத்தி பயந்துக்கிட்டுக் கத்துக்கறதையே விட்டுட்டா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"அம்மா, நான் முதலாளி பேசறேன்…"

"அப்பாடா! இத்தனை நாளா முதலாளியைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்! எப்ப அடைப்பீங்க? இன்னிக்கா, நாளைக்கா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

முதலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் சுற்றிப் பார்த்தார். மாப்பிள்ளை தலைகுனிந்திருந்தார். தங்கை கைகட்டி நின்றிருந்தார். நாலு பேரில் ஒருத்தி மட்டும், பயத்தோடு பயமாக, மடிக்கணினியைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

"தயாரா இருக்கா?" என்றார் அவளிடம், போனைப் பொத்திக்கொண்டு.

"இருக்கு சார். அனுப்பினா போதும். ஆனா விதி…"

"விதியைக் கிழிச்சாச்சு. நாலு பேருக்கும் சேர்த்துக் கிழிச்சாச்சு. அனுப்பும்மா!" போனில், "இன்னிக்கேம்மா. இந்த நிமிஷமே. நீங்க அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு நானே சொன்னேன்னு சொல்லுங்க," என்றார்.

அவள் அனுப்பினாள். முதன்முறையாக வௌவால் என்ற பெயரில் இல்லை. நாலு சொந்தப் பெயர்கள் சுவரில் வரிசையாக விழுந்தன. அனுப்பிய அடைப்பைப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டியவர் மருந்துக்கடைக்காரர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"மூணாவது வரியை இன்னும் கொஞ்சம் சுருக்கமா எழுதியிருக்கலாம்," என்றார்.

"என்னங்க!" என்றார் மனைவி.

ஏற்றுக்கொண்டார். பல் டாக்டர் தன் மடிக்கணினியில் பழைய ஓட்டை வழியே நுழைந்து பார்க்க முயன்றுவிட்டு, "வழி அடைச்சிருக்கு," என்று அறிவித்தார். பொறியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள்.

"தீர்மானம் இன்னும் பாக்கி இருக்கு," என்று நினைவூட்டினார் வாத்தியார். "கூரையோட சாவியை மாளிகைக்குக் குடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"வேண்டாம்கிறவங்க?"

கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. சுவரில் பல் தேய்த்தவர் பிரஷ்ஷையே தூக்கினார். ரேடியோவும் தூக்கினான். "உனக்கு ஓட்டு கிடையாது தம்பி," என்று அண்ணி அதை இறக்கிவிட்டார். வாத்தியார் மேடைப் பக்கம் திரும்பியபோது அங்கேயும் ஒரு கை மேலே இருந்தது. கூரையைத் தொடங்கியவர் என்பதால் அவருக்கும் ஓட்டு உண்டு.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "மச்சான், அது உங்க தீர்மானம். நீங்களே எதிர்க்கிறீங்களா?"

"பின்னே?" என்றார் முதலாளி, கைபேசியை நெருப்பைப்போலத் தங்கையிடம் நீட்டியபடி. "சாவி எங்கிட்ட இருந்தா, அந்தம்மா நாளைலேருந்து எனக்குத்தானே போன் பண்ணும்!"